பார்லிமெண்டுப் பெரட்டு

நான் கோபக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. உக்குவளைக்கு மேலே றோஸ்மண்ட் தோட்டத்தில் எனக்கு ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை. பெயர் மரிய கொறற்றி. தோட்டத்து மாதர் சங்கத்துக்குத் தலைவியும் நான்தான். வேறு யாரும் வாயைத் திறக்காததால் அந்தப் பதவி என் தலையில் வந்து விழுந்தது.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடிந்தும் விடியாத நேரத்தில் ரப்பர் ஸ்டோருக்கு முன்னால் எல்லோரும் கூடி நிற்போம். கணக்கப்பிள்ளை நோபர்ட் செக்ரோல் என்கிற பேர்ப் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்ட உடனே குரல் கொடுக்க வேண்டும். குரல் வராவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லையென்றால் அன்றைய சம்பளமும் இல்லை. எங்கள் ஊரில் பேர் என்பதும் சம்பளம் என்பதும் ஒன்றுதான்.

ஆனால் எங்களிடம் லூசியா அக்கா இருந்தார். ஐம்பது வயதிருக்கும், குரல் மட்டும் அடுத்த மலைக்குக் கேட்கும். பிள்ளைக்குக் காய்ச்சலென்றோ, அடுப்பு பற்றவில்லையென்றோ யாராவது பிந்திவிட்டால், நோபர்ட் பெயரைக் கூப்பிட்டு வாயை மூடுவதற்குள், "இருக்காங்கய்யா! அந்தா வர்றாங்க!" என்று லூசியா அக்கா கத்திவிடுவார். அவர் புண்ணியத்தில் பேர் வாங்காதவர்கள் எங்கள் தோட்டத்தில் குறைவு. ஒருமுறை, முந்தின வாரம் செத்துப்போன ஒரு கிழவருடைய பெயரை நோபர்ட் தவறிக் கூப்பிட்டுவிட்டார். அதற்கும் "இருக்காருங்கய்யா!" என்று பதில் வந்தது. பெரட்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அக்கா அதை யோசித்துச் செய்வதில்லை. பெயரைக் கூப்பிட்டுச் சத்தமில்லாமல் போனால் அவருக்குத் தாங்காது, அவ்வளவுதான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மே மாதம் என் தம்பி லோரன்ஸைப் பிடித்தார்கள். இருபத்திரண்டு வயது. சைக்கிளுக்குச் செயின் வாங்க மாத்தளைக்குப் போனவன். பஸ் ஸ்டாண்டில் ஆமிக்காரர்களின் சுற்றிவளைப்பு. வடக்கே வவுனியாவில் ஒரு கடையில் ஒரு வருஷம் வேலை செய்ததற்கான கடிதத்தை மடையன் சட்டைப்பையில் வைத்திருந்தான். அவனைப் புலி என்று சொல்ல அவர்களுக்கு அது போதும். முதலில் மாத்தளை, பிறகு கண்டி, பிறகு தெற்கே எங்கேயோ ஒரு முகாம். வழக்கும் இல்லை, கோர்ட்டும் இல்லை. இரண்டு கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஆகஸ்ட்டில் செக்ரோலிலும் அவன் பெயரை வெட்டிவிட்டார்கள். அம்மா மட்டும் இராச்சோற்றை இரண்டு பீங்கானில் போட்டுவிட்டு, ஒன்றை மூடி வைப்பாள். அவனை வெளியே கொண்டுவர வேண்டும், எனக்கு வேறு ஒரு நினைப்பும் இல்லை.

எங்களுக்கு ஒரு எம்.பி. இருந்தார். அழகமுத்து ஐயா. எங்கள் தொழிற்சங்கத்தின் தலைவரும் அவரேதான். எப்போதும் கழுத்தில் நாவல்பழ நிறத்தில் ஒரு சால்வை, அது சங்கத்தின் நிறம். போன தேர்தலில் அவர் ஒட்டிய போஸ்டர் நாங்கள் குடியிருக்கும் லயத்துச் சுவரில் இன்னும் கிழியாமல் இருந்தது. 'எனது முன்னுரிமைகள்' என்று மூன்று போட்டிருந்தது. முதலாவது, சிறையில் வாடும் நம் இளைஞர்களின் விடுதலை. பிறகுதான் வீடு, காணி எல்லாம். அந்தத் தேர்தலுக்கு ஓடின ஜீப், ஒட்டின போஸ்டர், கொடுத்த சோற்றுப் பார்சல் எல்லாம் எங்கள் காசு. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிற சந்தா போதாதென்று, தேர்தல் நிதி என்று எல்லோரிடமும் ஒரு நாள் பேரை வெட்டினார்கள். நான் சந்தோஷமாகத்தான் கொடுத்தேன், பொய் சொல்லவில்லை.

செப்டெம்பரில் அவர் தோட்டத்துக்குக் கூட்டம் பேச வந்தார். நான் போய் முன்னால் நின்றேன்.

"தங்கச்சி, நீ ஒண்ணும் கவலப்படாத" என்று என் தலையில் கை வைத்தார். "ஒவ்வொரு மாசமும் பார்லிமெண்ட்ல லோரன்ஸுக்காகத்தான் நெருப்பு மாதிரி பேசிக்கிட்டிருக்கேன். நான் எந்திரிச்சாலே மந்திரிமாருக்கு நடுக்கம்!"

நான் அழுதுவிட்டேன். லூசியா அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியாடி, நம்ம ஐயா இருக்காரு" என்றார். கோபக்காரிக்கும் சில நேரம் புத்தி மழுங்கிவிடுகிறது.

அதோடு சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்கொரு ஆசை வந்தது. ஐயா லோரன்ஸுக்காகப் பேசின பேச்சை எங்கேயாவது எடுத்து, கையால் எழுதி, அவனுக்கு அனுப்ப வேண்டும். உனக்காகப் பார்லிமெண்டே அதிர்கிறதடா என்று தெரிந்தால் பயலுக்குத் தெம்பாக இருக்குமே! பேசினது எல்லாவற்றையும் புத்தகமாக அச்சடிக்கிறார்கள், அதன் பெயர் ஹன்சார்ட், மாத்தளை நூலகத்துக்கு வரும் என்று எங்கள் பங்குச் சாமியார் சொன்னார். அடுத்த ஞாயிறு நூலகம் திறந்திருக்கவில்லை. திங்கட்கிழமை ஒரு பேரை விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நூலகத்தில் இராசலிங்கம் என்று ஒரு உத்தியோகத்தர் இருந்தார். யாழ்ப்பாணத்து மனுஷன், மெல்லப் பேசுவார். தம்பி கடிதத்தோடு பிடிபட்ட கதையைச் சொல்லி ஹன்சார்ட் வேண்டும் என்று கேட்டதும் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ஹன்சார்ட்டோ? பத்து வருசமா இஞ்சை இருக்கிறன், ஒருத்தரும் கேட்டதில்லைப் பிள்ளை" என்றபடி ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தூசி தட்டினார். "இதுக்குள்ள இல்லாதது சபையில நடக்கேல்லை எண்டு வையுங்கோ. ஒருத்தர் குறுக்க கத்தினாலும் எழுதிப்போடுவாங்கள்."

சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றும் கலந்து கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டெம்பர். ஐந்து மாதத்தில் அழகமுத்து ஐயா இரண்டே இரண்டு தரம் வாய் திறந்திருந்தார். ஒன்று, செத்துப்போன ஒரு பழைய எம்.பி.க்கு அனுதாபம். மற்றது, எம்.பி.மாருக்கு வரியில்லாமல் கொடுக்கிற வாகனம் பிந்துகிறது என்ற முறைப்பாடு. லோரன்ஸ் இல்லை. முகாம் இல்லை. எங்கள் தோட்டமே இல்லை!

"ஐயா, வேற புத்தகம் இருக்கா? இதுல விட்டுப் போயிருக்குமா?" என்று கேட்டேன். எனக்கு இன்னும் நம்பிக்கை போகவில்லை, பாருங்கள்.

இராசலிங்கம் ஒரு பக்கத்தை விரித்து விரலை வைத்தார். பெயர்ப் பட்டியல். அடுத்த மாதத்தில் ஒரு பக்கம். அதற்கடுத்த மாதத்தில் ஒரு பக்கம். ஐந்து பக்கத்திலும் 'ஆம்' என்ற பகுதியில் அழகமுத்து என்ற பெயர் இருந்தது.

"இது அவசரகாலச் சட்டம், பிள்ளை. மாசத்துக்கு ஒருக்கா வாக்கெடுத்து நீட்டவேணும். நீட்டினால்தான் ஆக்களை வழக்கில்லாமல் வைச்சிருக்கலாம். ஒவ்வொரு பேராக் கூப்பிடுவினம், ஆமோ இல்லையோ எண்டு சொல்லவேணும்." குரலை இன்னும் இறக்கினார். "உங்கட தம்பியை உள்ளுக்கை வைச்சிருக்கிறது இந்தச் சட்டந்தான்."

என் தலையில் கை வைத்த அதே ஐயா! மாதம் தவறாமல் எழும்பி நின்று, அவன் உள்ளேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். அதுவும் என் காசில் எம்.பி. ஆகி! நான் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் எழும்பியே போய்விட்டார்.

"சத்தம் போடாதேங்கோ! நான் காட்டினது எண்டும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்று இராசலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டார். "நான் யாழ்ப்பாணத்தான். என்னைத் தூக்கிறதுக்கு ஒரு கடிதமும் தேவையில்லை."

அன்றைக்கு உக்குவளையில் இறங்கி மலை ஏறினதே எனக்குத் தெரியாது. லயத்துக்கு வந்து, இருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டு, மூச்சு விடாமல் கொட்டினேன். முதலில் யாரும் நம்பவில்லை. நம்பின பிறகு ஆளுக்கு ஆள் கத்தினார்கள். லூசியா அக்காதான் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்து கேட்டார்.

"அவருக்கு நம்மகிட்ட இருந்து என்னாத்த வேணும்? ஓட்டு வேணும், சந்தா வேணும். ஓட்டுக்கு இன்னும் நாளிருக்கு. சந்தா இந்த மாசமே இருக்குல்ல?"

அடடா! எனக்கு ஏன் அது தோன்றவில்லை? இந்தச் சங்கத்துக்கு இனிமேல் என் சம்பளத்தில் சந்தா வெட்டாதே என்று தொழிலாளி ஒரு கடிதம் எழுதித் தோட்டத்துத் துரையிடம் கொடுத்தால், அடுத்த மாதமே வெட்டு நின்றுவிடும். நாங்கள் எழுத ஆரம்பித்தோம். எங்கள் தோட்டத்தில் தொடங்கி, பக்கத்து மூன்று தோட்டத்துக்கும் போனோம். பால் வெட்டிவிட்டு வந்து எழுதினோம், கோயில் முடிந்து வாசலில் வைத்து எழுதினோம். கையெழுத்துத் தெரியாதவர்கள் பெருவிரலை வைத்தார்கள். இரண்டு வாரத்தில் அறுநூற்று முப்பத்தெட்டுக் கடிதம். ஒன்றையும் துரையிடம் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு மாவுச் சாக்கில் போட்டுக் கட்டி, மாத்தளையில் இருந்த சங்கக் காரியாலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

அழகமுத்து ஐயா முதலில் சிரித்தார். சாக்கை அவிழ்த்துக் காட்டியதும் சிரிப்பு போயிற்று.

"யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?"

"அச்சடிச்ச புத்தகத்துல இருக்குங்கய்யா. நாங்களும் நாலு எழுத்துப் படிச்சவங்கதான்."

"அடி பைத்தியக்காரி, அரசியல் உனக்கு வெளங்காது. அரசாங்கத்துக்கு ரெண்டு மூணு ஓட்டுலதான் பெரும்பான்மை. நான் இப்ப அவங்களோட நின்னாத்தான் நாளைக்குப் பிரதி மந்திரி. மந்திரியாகிட்டா உன் தம்பிய ஒரு போன் கோல்ல எடுத்துருவேன்!"

"ரெண்டு மூணு ஓட்டுதான்னா உங்க ஓட்டுக்கு எவ்வளவு வெலை இருக்கும்? அத ஏங்கய்யா சும்மா தூக்கிக் குடுத்தீங்க?"

அவர் சாக்கின் வாயை இழுத்து மூடினார். பிறகு, "சரி. நவம்பர் வாக்கெடுப்புல 'இல்லை'ன்னு சொல்றேன். போதுமா?" என்றார்.

"போதாதுங்கய்யா. நாங்க ஒன்பது பேர் வந்து பாக்கணும்."

பாராளுமன்றத்தைப் பார்க்கப் போவதென்றால் ஒரு எம்.பி. கையெழுத்துப் போட்டுப் பாஸ் கொடுக்க வேண்டும். அதையும் இராசலிங்கம்தான் சொல்லித் தந்திருந்தார். ஐயா முறைத்தார்.

"கொழும்புல குண்டு வெடிக்கிற காலத்துல, தமிழ்ப் பொம்பளைங்க ஒன்பது பேர் கெளம்பி வரப்போறீங்களாக்கும்? வழியிலயே புடிச்சு உள்ள போட்டுருவான்."

"அது எங்க பாடு" என்றேன். நாங்கள் வந்து சேர மாட்டோம் என்ற நம்பிக்கையில்தான் அவர் கையெழுத்துப் போட்டார். நான் வேறெப்படி நினைப்பது?

அந்த நாள் வந்தது. ஒன்பது பேரும் பெருநாள் சேலை உடுத்தி, தலைக்குப் பூ வைத்து, மக்கீன் நானாவின் வேனில் ஏறினோம். எங்களில் எட்டுப் பேர் அதுவரை கண்டியைத் தாண்டியதில்லை. லூசியா அக்கா கடுகண்ணாவை இறக்கத்தில் செபமாலையை எடுத்தவர் வரக்காப்பொளையில்தான் வைத்தார். பிறகு ஒரே பாட்டும் கூத்தும்தான். நான் மட்டும் அடையாள அட்டைகளையும் பாஸையும் மடியில் வைத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்கு செக்பொயிண்டில் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவதில் எல்லோரையும் இறக்கிப் பைகளைக் கொட்டச் சொன்னார்கள். லூசியா அக்காவின் பைக்குள்ளிருந்து வெற்றிலை வந்தது, சோற்றுப் பார்சல் வந்தது, பிறகு ஒரு பால்வெட்டுக் கத்தி வந்தது! பழக்கத்தில் அதையும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இளம் சிப்பாய் ஒருவன் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முடிந்தது, பாராளுமன்றமும் இல்லை, லோரன்ஸும் இல்லை, ஒன்பது பேரும் உள்ளே என்று நினைத்தேன்.

அவன் கத்தியின் வளைந்த நுனியை விரலால் தொட்டுப் பார்த்து, சிங்களத்தில் மக்கீன் நானாவிடம் ஏதோ கேட்டான். நானா சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

"என்னா நானா சொல்றான்?"

"அவன்ட உம்மாவும் கேகாலைப் பக்கம் பால் வெட்டுறவவாம், தங்கச்சி. இது கூரு மழுங்கின கத்தி, தீட்டி வைக்கச் சொல்றான்."

கத்தியை மட்டும் வைத்துக்கொண்டு எங்களை விட்டான். திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான், தந்தான். அந்தப் பிள்ளை நல்லாயிருக்க வேண்டும்.

பாராளுமன்றம் தண்ணீருக்கு நடுவில் இருந்தது. மூன்று இடத்தில் தடவிச் சோதித்து, செருப்பைக்கூடக் கழற்றிப் பார்த்து, மேலே பார்வையாளர் கலரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே கை தட்டக் கூடாது, எழும்பக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, மூச்சுக் காட்டக் கூடாது என்று ஒரு சார்ஜன்ட் எங்களுக்கு இரண்டு தரம் சொன்னார். கீழே எட்டிப் பார்த்தோம். பாதி நாற்காலி வெறுமையாக இருந்தது. ஒருவர் பேசினார், இருவர் கதைத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் நிம்மதியாகத் தூங்கினார்.

"இவங்களுக்கெல்லாம் இன்னைக்குப் பேர் உண்டா?" என்று லூசியா அக்கா என் காதில் கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அழகமுத்து ஐயா நாவல் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தினவர் எங்களைக் கண்டார். ஒன்பது பேரும் ஒரே வரிசையில்! அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

மாலை ஆறு மணிக்கு வாக்கெடுப்பு என்று மணி அடித்தது. எங்கேயோ இருந்தவர்கள் எல்லாம் ஓடி வந்து நாற்காலிகளை நிரப்பினார்கள். கதவுகளை மூடினார்கள். கீழே ஒரு உத்தியோகத்தர் தாளை எடுத்து ஒவ்வொரு பெயராக வாசிக்கத் தொடங்கினார். பெயருக்குரியவர் குரல் கொடுத்தார். அடுத்த பெயர். குரல். அடுத்த பெயர். குரல்.

"அடியேய் கொறற்றி!" லூசியா அக்கா என் கையைக் கிள்ளினார். "இது நம்ம பெரட்டுல்ல!"

நான் கீழே தேடிக்கொண்டிருந்தேன். ஏனென்றால் நாவல் சால்வையைக் காணவில்லை. சற்று முன்புவரை இருந்த நாற்காலி வெறுமையாகக் கிடந்தது. என் கண் சபை முழுவதும் ஓடியது. முன் வரிசை இல்லை. பின் வரிசை இல்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு தூண், தூணுக்குப் பக்கத்தில் ஒரு திரை. திரைக்குக் கீழே ஒரு சாண் நாவல் நிறம் தொங்கிக்கொண்டிருந்தது.

கெட்டிக்காரர்! 'ஆம்' என்று சொன்னால் சந்தா போகும், 'இல்லை' என்று சொன்னால் மந்திரிப் பதவி போகும். ஒளிந்து நின்றுவிட்டால் இரண்டும் தப்பும். பிறகு எங்களிடம், வயிற்று வலி தங்கச்சி என்று சொல்லலாம். எழும்பிக் கத்த வேண்டும் போல் இருந்தது. ஆனால் என்ன செய்ய? மூச்சுக் காட்டக் கூடாதே. நான் லூசியா அக்காவுக்குக் கண்ணால் அந்தத் திரையைக் காட்டினேன். சத்தியமாக, காட்டத்தான் செய்தேன், வேறொன்றும் சொல்லவில்லை.

"கௌரவ அழகமுத்து."

சத்தமில்லை. வாசித்தவர் தலையை உயர்த்திப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்து அடுத்த பெயருக்கு வாயைத் திறந்தார்.

"இருக்காருங்கய்யா!"

அடுத்த மலைக்குக் கேட்கிற குரல் அது. அந்தக் கூரைக்குள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். லூசியா அக்கா எழும்பியே நின்றுவிட்டார். கையும் நீண்டுவிட்டது.

"இருக்காருங்கய்யா! அந்தா, அந்தத் துணிக்குப் பின்னால நிக்கிறாரு!"

பிறகு தமிழ் தெரிந்த யாரோ ஒரு எம்.பி. அதைச் சிங்களத்தில் சொல்லியிருக்க வேண்டும். எழும்பிய சிரிப்பைக் கேட்க வேண்டுமே! எதிர்க்கட்சிக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். தூங்கினவர் எழும்பிவிட்டார். சபாநாயகர் அமைதி, அமைதி என்று சுத்தியலால் அடித்தார். ஒருவர் ஓடிப்போய்த் திரையை இழுக்க, எங்கள் ஐயா சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் சார்ஜன்ட் எங்களை வளைத்துவிட்டார். தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் தாண்டும்போது, உள்ளே மறுபடி அந்தப் பெயரை வாசிப்பது என் காதில் விழுந்தது. நான் கழுத்தை முறித்துத் திரும்பினேன். கதவு மூடிக்கொண்டது. பதில் கேட்கவில்லை!

கீழே ஒரு அறையில் இன்ஸ்பெக்டர் ஒருவர் முன்னால் நிறுத்தினார்கள். கத்தியது யார் என்று சிங்களத்தில் கேட்டார். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் "நான்தான்" என்றோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு லூசியா அக்காவே முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் பெரட்டு, செக்ரோல், பேர் எல்லாவற்றையும் விளக்கினார். பேர் கூப்பிட்டால் குரல் வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த மனுஷனுக்குச் சம்பளம் போய்விடுமே, பாவம் என்றார். இன்ஸ்பெக்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. இனி இந்தப் பக்கமே வரக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு எங்களை விட்டார்.

வேனுக்குப் பக்கத்தில் அழகமுத்து ஐயா நின்றார். சால்வை கையில் சுருண்டு கிடந்தது.

"என் மானத்த வாங்கிட்டீங்களேடி!"

"என்னா சொன்னீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"என்னாத்த சொல்ல? ஊரே பாத்துச் சிரிக்குது. 'இல்லை'ன்னு சொன்னேன்!"

எட்டுப் பேர் கூச்சல் போட்டு என்னைக் கட்டிக்கொண்டார்கள். நான் மட்டும் அசையவில்லை. "ஹன்சார்ட் வரட்டும்" என்றேன்.

ஹன்சார்ட் வர மூன்று வாரம் எடுத்தது. அதற்குள் இராசலிங்கத்தை நான் ஐந்து தரம் தொந்தரவு செய்தேன். ஆறாவது தரம் நான் படியில் ஏறும்போதே அவர் எழும்பி நின்றார். யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டுப் பக்கத்தை விரித்தார். சட்டம் நிறைவேறித்தான் இருந்தது. ஆனால் 'இல்லை' என்ற பகுதியில், கடைசியில், அழகமுத்து. அதற்கு மேலே அடைப்புக்குறிக்குள் இரண்டு சொல்: கலரியில் குறுக்கீடு.

"இது ஆர், நீங்களோ?" என்று இராசலிங்கம் கேட்டார்.

"லூசியா அக்கா" என்றேன். அந்த மெல்லப் பேசுகிற மனுஷன் நூலகம் அதிரச் சிரித்தார்.

சட்டம் நிறைவேறிவிட்டதே, பிறகென்ன பிரயோசனம் என்று நானும்தான் நினைத்தேன். ஆனால் அந்த ஒரு 'இல்லை' எங்கோ போய்க் குத்தியிருக்கிறது. இரண்டு வருஷமாக ஐயாவின் போனை எடுக்காத மந்திரி இப்போது தானே எடுத்துப் பேசினாராம், அடுத்த மாதம் என்ன செய்யப் போகிறாய் என்று. ஐயா, விட வேண்டிய பையன்கள் என்று பதினான்கு பெயர் எழுதிக் கொடுத்தார். முதல் பெயரை நான் பக்கத்தில் நின்று எழுத வைத்தேன். டிசம்பர் வாக்கெடுப்பில் ஐயா 'ஆம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை, இந்தியாவுக்குக் கோயில் கும்பிடப் போய்விட்டார். பதினான்கில் ஒன்பது பேர் வெளியே வந்தார்கள். மற்ற ஐந்து பேரின் அம்மாமார் இன்னும் காத்துக்கொண்டு இருக்கிறார்கள். அதனால்தான், அன்றைக்கு நான் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்த கடிதச் சாக்கு இன்னும் என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது.

லோரன்ஸ் ஒரு சனிக்கிழமை வந்தான். பாதியாக வந்தான். அம்மா இரண்டு பீங்கானையும் திறந்து வைத்து, அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வேலைக்கு வருகிறேன் என்று அவனே சொன்னான். நோபர்ட் செக்ரோலின் கடைசியில் அவன் பெயரைப் புதிதாக எழுதினார்.

அன்று காலை அவன் எனக்குப் பக்கத்தில் நின்றான். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், தோளில் தட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன.

"லோரன்ஸ்!"

குரல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் மண்ணில் குந்தியிருந்தான். தலை முழங்காலுக்குள் போயிருந்தது, இரண்டு கையும் பிடரியில். முகாமில் பெயர் கூப்பிட்டால் அப்படித்தான் இருப்பார்களாம். கூப்பிடப்பட்டவன் திரும்பி வருவது நிச்சயமில்லையாம், அதனால் யாரும் குரல் கொடுப்பதில்லையாம். பிறகுதான் அதைச் சொன்னான்.

நோபர்ட் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார், மறுபடி கூப்பிடவில்லை. நான் வாயைத் திறந்தேன், எனக்கும் குரல் வரவில்லை. லூசியா அக்கா வரிசையை விட்டு வந்தார். அன்றைக்கு அவர் கத்தவில்லை. லோரன்ஸுக்குப் பக்கத்தில் தானும் குந்தி, அவன் பிடரியில் இருந்த கையின் மேல் தன் கையை வைத்தார்.

"இருக்கான்ய்யா" என்றார். "இந்தா, எங்ககிட்டதான் இருக்கான்."

நோபர்ட் பேர் போட்டார்.